ராஜினாமா பட்டனை அழுத்தும் முன்: ஐ.டி. வேலைநீக்கம் பற்றி வாசகர் கேட்டவை

ஐ.டி. ஊழியர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறோம்.

"திடீரென்று ஒரு மீட்டிங் அழைப்பு. போனால் எச்.ஆர். இரண்டு பேர். 'இன்று மாலைக்குள் போர்ட்டலில் ராஜினாமா போட்டுவிடுங்கள், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம். இல்லையென்றால் டெர்மினேஷன், அது உங்கள் ரெக்கார்டில் ஏறும்' என்கிறார்கள். எட்டு வருடம் ஏழு மாதம் சர்வீஸ். டெக் லீட் (குழுவின் தொழில்நுட்பத் தலைவர்). என்ன செய்வது?"
*சோழிங்கநல்லூர் வாசகர்*

அன்று மாலை எதையும் அழுத்தாதீர்கள். அவர்கள் கேட்பது ஒரு கிளிக். ஆனால் அந்தக் கிளிக்குக்குப் பிறகு நீங்கள் 'நீக்கப்பட்டவர்' இல்லை, 'தானாக விலகியவர்'. ஆட்குறைப்புக்குச் சட்டம் தரும் இழப்பீடு, தானாக விலகியவருக்குக் கிடையாது. அவசரம் அதற்காகத்தான்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், காரணம் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு வருடமாகக் கணக்காகும். ஆகவே உங்களுக்கு 9 வருடம்.

கணக்கில் வரும் ஊதியம் மாதம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு 40,000. ஒன்பது வருடத்துக்கு 3,60,000. இப்போது வேலையில் சேர்ந்தபோது தந்த ஆஃபர் லெட்டரை எடுத்து, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள். 90 நாள் என்று இருந்தால், அவர்கள் பெருந்தன்மையாக நீட்டும் மூன்று மாதச் சம்பளம் உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய நோட்டீஸ் பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர்கள் தரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

'நீங்கள் லீட், தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டீர்கள்' என்பார்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும் பட்டம் இதைத் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான நேரம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதே தீர்மானிக்கும். கோடு (கணினி நிரல்) எழுதுவதும் டெஸ்ட் செய்வதும் டிக்கெட் (பதிவான கோளாறு) முடிப்பதும் தொழில்நுட்ப வேலை. லீவு ஒப்புதல், அப்ரைசல் (வேலைத்திறன் மதிப்பீடு) மதிப்பெண், ஆள் எடுப்பது, நீக்குவது ஆகியவற்றில் உங்களுக்கு உண்மையான அதிகாரம் இருந்தால் நிர்வாகப் பக்கம் சாய்வீர்கள். வெறும் மேற்பார்வை வேலை என்று முடிவானாலும் சிக்கல்தான், ஏனென்றால் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார்.

கூட்டத்தை விட்டு வெளியே வந்த உடனே ஒரு மெயில் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: "இன்று காலை இத்தனை மணிக்கு நடந்த கூட்டத்தில், இன்ன இன்னவர் என்னை ராஜினாமா செய்யும்படி கேட்டார்கள். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. என் வேலை குறித்து நிறுவனம் எடுத்திருக்கும் முடிவைக் காரணத்துடனும் கணக்குடனும் எழுத்தில் தரவும். அதுவரை வழக்கம்போல் பணியில் இருக்கிறேன்." கோபமோ, சட்டப்பிரிவு எண்களோ வேண்டாம். அதன் நகல் சொந்த மெயிலிலும் இருக்கட்டும்.

ரெக்கார்ட் மிரட்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்குவதும் ஆட்குறைப்பும் வேறு வேறு. ஆட்குறைப்புக் கடிதத்தில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் இருக்காது.

அதேசமயம், எப்போதும் மறுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. நீங்கள் உண்மையிலேயே மேனேஜர் வேலை பார்த்தவராக இருந்து, அவர்கள் தருவது நோட்டீஸ் பணத்தைவிடக் கணிசமாக அதிகம் என்றால் ஒப்புக்கொள்வது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். ஆனால் தொகை, தேதி, ரிலீவிங் லெட்டர் வாசகம், ஜாயினிங் போனஸைத் திரும்பக் கேட்கமாட்டோம் என்ற உறுதி ஆகியவை கையெழுத்திட்ட தாளில் வந்த பிறகுதான் கிளிக்.

"பயத்தில் ராஜினாமா போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?"
*கோயம்புத்தூர் வாசகி*

விலகும் தேதி இன்னும் வரவில்லை என்றால் இன்றைக்கே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். "இன்ன தேதியில் வற்புறுத்தலின் பேரில் கொடுத்தது" என்பதையும் அதில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லும் 'வற்புறுத்தல்' எடுபடுவது கடினம்.

தேதி தாண்டிவிட்டால், மாவட்டத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தனிநபர் தகராறாக மனு கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வரவில்லையென்றால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புதிய சட்டத்தில் இதற்கு இரண்டு வருட அவகாசம்தான், முன்பு மூன்று. தமிழ்நாட்டில் இன்னொரு வாசலும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதை மறந்துவிடாதீர்கள். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கம் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

"300 பேருக்கு மேல் இருந்தால் அரசிடம் முன் அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்பு செய்ய முடியும் என்கிறார்களே?"
*மதுரை வாசகர்*

அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்கு. மென்பொருள் அலுவலகத்துக்குப் பொருந்தாது. டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும் பலர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"நான் ஐந்து மாத கர்ப்பிணி. பட்டியலில் என் பெயரும் இருப்பதாகச் சொல்கிறார்கள்."
*தாம்பரம் வாசகி*

கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்திருக்கிறீர்களா? வாயால் சொன்னது கணக்கில் வராது. டாக்டர் சான்றை இணைத்து, பிரசவம் எதிர்பார்க்கும் தேதியுடன் எச்.ஆருக்கு இன்றே மெயில் அனுப்புங்கள். மகப்பேறு காரணமாக விடுப்பில் இருப்பவரை அந்த விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம். விடுப்புக்கு முன் கர்ப்ப காலத்தில் நீக்கினாலும், நீக்கியிருக்காவிட்டால் அவருக்குச் சேர்ந்திருக்கும் மகப்பேறு ஊதியத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 2015 ஜனவரியில் சென்னையில் இப்படி நீக்கப்பட்ட ஒரு கர்ப்பிணி ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அவரும் ராஜினாமா போட்டிருந்தால் தடை கேட்க அங்கே ஓர் உத்தரவே இருந்திருக்காது.

"காலையில் லேப்டாப்பைத் திறந்தால் லாகின் ஆகவில்லை. பேஸ்லிப்கூட கையில் இல்லை."
*பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்*

2023 ஜனவரி 20 அன்று கூகுள் 12,000 பேரைக் குறைத்தபோது அமெரிக்காவில் பலருக்கு இப்படித்தான் தெரிந்தது. 2022 நவம்பரில் ட்விட்டர் இதையே ஒரு முறையாக வைத்துக்கொண்டது: வேலை இருப்பவருக்கு அலுவலக மெயிலுக்குத் தகவல், போனவருக்குச் சொந்த மெயிலுக்கு. தரவு வெளியே போய்விடும் என்ற பயத்தில் முதலில் அணுகலை வெட்டிவிட்டுப் பிறகு சொல்கிறார்கள். அதனால் எச்.ஆர். பதிவில் உங்கள் சொந்த மெயிலும் செல்பேசி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று வேலை இருக்கும்போதே பார்ப்பது நல்லது. கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்து மறந்துபோன மெயில் ஐ.டி.யில் கடிதம் போய்க் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

உங்கள் விஷயத்தில் முதலில் எச்.ஆருக்குப் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் கேளுங்கள்: நீக்க உத்தரவு, எல்லா மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), இறுதிக் கணக்குத் தாள். வேலை இருப்பவர்கள் ஆஃபர் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், அப்ரைசல் முடிவுகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை இப்போதே வீட்டில் வையுங்கள். ஆனால் கோடு, வாடிக்கையாளர் ஆவணம், டிசைன் எதையும் தொடாதீர்கள். சொந்த பேஸ்லிப்பை எடுத்ததற்கு உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பது கடினம். ஒரே ஒரு கோடு ஃபைலை எடுத்திருந்தால் ஆட்குறைப்பு ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும்.

இறுதிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. '45 நாளில் செட்டில்மென்ட்' என்பது அலுவலகப் பழக்கம். ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது, ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று.

"கிராஜுவிட்டி, பி.எஃப். என்னவாகும்?"
*திருச்சி வாசகர், சர்வீஸ் 4 வருடம் 9 மாதம்*

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) ஐந்து வருடம் என்பது பொது விதி. ஆனால் நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுங்கள். பல நிறுவனங்கள் கேட்டால்தான் தருகின்றன. கடைசி மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். ஊதியம் 40,000, ஐந்து வருடம் என்றால் சுமார் 1,15,385 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும்.

பி.எஃப். பணத்தை ஐந்து வருட சர்வீஸுக்கு முன் எடுத்தால் வரி உண்டு. ஆனால் ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் அந்த வரி கிடையாது. 'தானாக ராஜினாமா' என்று தாளில் இருந்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அந்த ஒரு கிளிக்கின் விலையில் இதுவும் சேர்த்தி. வேலை தேடுவதாக இருந்தால் பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதியவில்லையென்றால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் நீங்களே பதியலாம்.

"என் மகன் டெக்சாஸில் எச்-1பி (அமெரிக்க வேலை) விசாவில் இருக்கிறான். போன வாரம் வேலை போய்விட்டது. 60 நாள் என்கிறார்களே, அது எப்போதிலிருந்து?"
*கும்பகோணம் வாசகர்*

அந்த 60 நாள், வேலை போன பிறகு அங்கேயே தங்கி வேறு வழி பார்க்கத் தரும் அவகாசம். சம்பளத்தோடு வேலையில் இருக்கும் கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து அது தொடங்கும். பிறகு தரப்படும் இழப்பீட்டுத் தொகை அந்த நாளைத் தள்ளிப்போடாது. எட்டு மாதச் சம்பளம் கொடுத்தாலும் 60 நாள் 60 நாள்தான். ஐ-94 (அங்கே தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் பதிவு) அதற்கு முன் முடிந்தால் அதுவே எல்லை. பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆட்களைக் குறைத்தால் 'வார்ன்' சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த 60 நாளும் வேலை வாங்காமல் சம்பளப் பட்டியலில் மட்டும் வைத்திருந்தால், எண்ணிக்கையை எங்கே தொடங்குவது என்பதில் சிக்கல் உண்டு. வக்கீலிடம் கேட்டு, முந்திய தேதியையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

60 நாளுக்குள் ஆஃபர் கிடைத்தால் மட்டும் போதாது. புதிய நிறுவனத்தின் மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மனுவுக்கு முன் தொழிலாளர் துறையின் எல்.சி.ஏ. (ஊதியம், வேலை நிலைமை பற்றி நிறுவனம் தரும் உறுதிமொழி) ஒப்புதலுக்கே ஏழு வேலை நாள் ஆகும். வக்கீல் காகிதம் தயாரிக்க ஒரு வாரம். ஆக, ஆஃபர் கடிதம் 40-ஆம் நாளுக்குள் கையில் இல்லையென்றால் மாற்று வழியைத் தொடங்கிவிட வேண்டும். மனைவி எச்-1பியில் இருந்தால் எச்-4 (அவரைச் சார்ந்தவருக்கான விசா நிலை). இல்லையென்றால் பி-2 (சுற்றுலாப் பயணி) நிலைக்கு மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் பொதுவாக வேலை செய்யக் கூடாது என்றாலும், மனு நிலுவையில் இருக்கும்வரை அங்கேயே இருந்து தேடலாம்.

'ஒரு எட்டு ஊருக்கு வந்துவிட்டுப் போ' என்று மட்டும் இப்போது கூப்பிடாதீர்கள். நாட்டை விட்டுக் கிளம்பினால் அந்த 60 நாள் முடிந்துபோகும். 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணமும் முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுக்களின் மேல்தான் விழுகிறது. டிக்கெட் போடும் முன் வக்கீல். ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதலாகி 180 நாள் தாண்டியிருந்தால், பழைய நிறுவனம் விலக்கிக்கொண்டாலும் கிரீன் கார்டு வரிசையில் அவர் இடம் போகாது. ஒப்புதல் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

"எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. என் டீமில் ஆறு பேருக்கு நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?"
*சிறுசேரி வாசகி*

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, 15 நிமிடம். 2021 டிசம்பரில் பெட்டர் டாட் காம் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் சில நிமிடங்களில் அனுப்பினார். பிறகு சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஆறு பேரையும் ஒரே முற்பகலில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாமவருக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம், சனி ஞாயிறு கேள்வி கேட்க ஆளிருக்காது.

நலம் விசாரித்துத் தொடங்காதீர்கள். "உங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது, கடைசி நாள் இன்ன தேதி" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதில் பாதி அவர் காதில் ஏறாது. அதனால் தொகை, காப்பீடு முடியும் தேதி, லேப்டாப் ஒப்படைக்கும் இடம், கேள்விக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் ஒரே தாளில் கையில் கொடுங்கள். பணியிடம் போகிறது என்றால் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது; அவர் மனத்தில் கடைசிவரை தங்குவது அந்தச் சொல்தான், நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராக அதுவே நிற்கும். "எனக்கும் கஷ்டமாக இருக்கிறது" என்பதையும் விட்டுவிடுங்கள். அந்த அறையில் ஆறுதல் உங்களுக்கு அல்ல.

ராஜினாமா வாங்கி வரச் சொல்லி மேலிடம் உங்களை அனுப்பினால், அந்த உத்தரவை மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் மெயில் வராது.

"போட்டி நிறுவனத்தில் ஒரு வருடம் சேரக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள்."
*பெருங்குடி வாசகர்*

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகும் தொடரும் அப்படிப்பட்ட தடை செல்லாது. ரகசியத் தகவலைக் கொண்டுபோகக் கூடாது என்ற பகுதி மட்டும் செல்லும். தயங்காமல் சேருங்கள்.