கடைசிப் பக்கத்து வரி விளம்பரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இதழியல் ஆய்வு மாணவன். பழைய பத்திரிகைகளின் வரி விளம்பரங்கள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், 1970களின் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு இதழ்களில் மசாஜ் விளம்பரங்கள் நிறைந்திருந்தன என்று ஒரு வரி வருகிறது. இணையம் இல்லாத காலத்தில் ஆண்கள் இத்தகைய மசாஜ்காரர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எது வெறும் மசாஜ், எது வேறு என்று எப்படித் தெரிந்தது? இன்று எல்லாம் கைப்பேசியில் ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது. அந்தக் காலத்துத் தேடலில் ஒரு கவித்துவம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் பணத்துக்கு நடந்த ஒன்றை விடுதலை வரலாற்றோடு சேர்ப்பது சரியா? நீங்கள் ஏன் அமெரிக்காவைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

கார்த்திகேயன், கோவை

அன்புள்ள கார்த்திகேயன்,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். நான் எழுதுவதில் பெரும்பகுதி கும்பகோணத்தைப் பற்றியது. அதை நீங்கள் படிப்பதில்லை. நான் என்ன செய்ய?

சில மாதங்களாகப் பழைய சான்பிரான்சிஸ்கோ இதழ்களைத்தான் இரவில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

எப்படித் தெரிந்தது என்கிறீர்கள். விளம்பரத்தின் சொற்களில் பெரிதாக எதுவும் இருக்காது. வயது, உயரம், எடை, நகரின் எந்தப் பகுதி, என்னிடம் வருகிறீர்களா நான் வரட்டுமா, ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான். உயரமும் எடையும் மசாஜுக்கு எதற்கு என்று கேட்பவர் அந்தப் பக்கத்துக்கு உரியவர் அல்லர். எந்த இதழில், எந்தப் பக்கத்தில் வந்தது என்பதே பாதித் தகவல். மீதி தொலைபேசியில். அங்கும் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். மறுமுனையில் இருப்பவர் போலீஸாக இருக்கலாம். அதற்கும் முன்னால், 1950களிலும் 60களிலும், உடற்பயிற்சி இதழ்கள் என்ற பெயரில் ஆண்களின் படங்கள் வந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் பாப் மைசர் நடத்திய இதழில் ஒரு கட்டத்தில் மாடல்களின் படத்தருகே விசித்திரக் குறிகள் அச்சாயின. யார் எப்படிப்பட்டவர் என்பதற்கான ரகசிய எழுத்து அது. 1960களின் நடுவில் பாப் டாம்ரன் ஊர் ஊராக அலைந்து மதுக்கூடங்களையும் குளியல் விடுதிகளையும் தொகுத்துச் சட்டைப்பைக்குள் அடங்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். இதெல்லாம் கையில் இல்லாதவருக்கு மதுக்கூடத்தில் ஊற்றிக்கொடுப்பவரின் வாய்ச்சொல்.

இனி அந்தக் கவித்துவம். தயவுசெய்து அந்தச் சொல்லை உங்கள் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

நியூட்டன் ஆர்வின் ஸ்மித் கல்லூரிப் பேராசிரியர். நாடறிந்த இலக்கிய விமர்சகர். 1960இல் மாசசூசெட்ஸ் போலீஸ் அவர் வீட்டுக்குள் புகுந்தது. கிடைத்தவை மேலே சொன்ன வகை இதழ்களும் படங்களும்தான். வேலை போயிற்று. கூடவே இரண்டு இளம் ஆசிரியர்களின் வேலையும் போயிற்று. அந்த இருவர் மீதான குற்றத் தீர்ப்பை 1963இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அதே ஆண்டு ஆர்வின் இறந்துபோனார். லண்டன் கதை இன்னும் விநோதமானது. 1967இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தொரு வயது நிறைந்த இரண்டு ஆண்கள் தனிமையில் செய்வது குற்றமல்ல என்று ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில், ஆண்கள் ஆண்களைத் தேடும் வரி விளம்பரங்களை வெளியிட்டதற்காக ஒரு மாற்று இதழின் அலுவலகத்தில் போலீஸ் சோதனை. பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி என்று வழக்கு. 1972இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையும் அந்தத் தண்டனைத் தீர்ப்பை உறுதிசெய்தது. சந்தித்தால் குற்றமில்லை, சந்திப்பதற்கு வழி சொன்னால் குற்றம். இதில் எங்கே இருக்கிறது ஐயா உங்கள் கவித்துவம்?

பணத்துக்கு நடந்ததை வரலாற்றோடு சேர்க்கலாமா என்ற கேள்விதான் எனக்கு உண்மையான எரிச்சலைத் தந்தது. எத்தனையோ பேர் கேட்பது, நீங்கள் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1967இல் தொடங்கிய 'அட்வகேட்' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கூடம் ஒன்றில் புத்தாண்டு இரவில் போலீஸ் அடித்து நொறுக்கியதற்கு எதிராகப் போராடிய ஓர் அமைப்பின் செய்தி மடலாகப் பிறந்தது. தொடக்க இதழ்கள் ஏபிசி தொலைக்காட்சியின் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலக அச்சுக்கூடத்தில் திருட்டுத்தனமாக அச்சடிக்கப்பட்டன. இந்தக் கதையை எல்லா வரலாற்று நூல்களும் பெருமையாகச் சொல்லும். அந்த இதழ் ஆண்டுக்கணக்கில் எதைத் தின்று உயிர்வாழ்ந்தது என்று வரும்போது குரல் தாழ்ந்துவிடும். வங்கியும் விமான நிறுவனமும் கார் கம்பெனியும் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் வரிக்கு இவ்வளவு என்று காசு கட்டியவர்கள் மசாஜ்காரர்களும் மாடல்களும் துணை தேடுபவர்களும். போலீஸ் அராஜகத்தைப் பற்றிய முதல் பக்கச் செய்திக்கு அவர்களின் காசும் போயிருக்கிறது. 1974இல் டேவிட் குட்ஸ்டைன் என்ற செல்வந்தர் இதழை வாங்கினார். கௌரவமான விளம்பரதாரர்கள் வர வேண்டும் அல்லவா? அந்த விளம்பரங்கள் தனியே உருவி எடுக்கக்கூடிய இளஞ்சிவப்புத் தாளுக்குப் போயின. விருந்தினர் வரும்போது அந்தப் பக்கங்களை மட்டும் உருவி ஒளித்துவிட்டு மீதியை மேசையில் போட்டு வைக்கலாம். 1992இல் அவற்றைத் தனி வெளியீடாகவே பிரித்து அனுப்பிவிட்டார்கள். சோறு போட்ட கையைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியதைத்தான் வரலாறு என்று உங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நீங்களும் அதே வரிசையில் போய் நிற்கிறீர்கள்.

சுரண்டல் இல்லையா என்பீர்கள். இருந்தது. எந்தத் தொழிலில் இல்லை?

என் நண்பர் ஒருவர் 1980களின் தொடக்கத்தில் பெர்க்கிலியில் ஆய்வு மாணவர். இப்போது இல்லை. நாகப்பட்டினத்துக்காரர் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன். அறையில் உடன் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் இந்தியர்கள். மதுக்கூடத்துக்குள் நுழையத் துணிவில்லை. 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' சான்பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பு இதழ், இலவசம். அதை ஒரு புத்தகக்கடை வாசலில் எடுத்து, வேறொரு நாளிதழுக்குள் மடித்துக் கொண்டுவருவார். தெருத் தொலைபேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்தார். உயரம் என்ன என்று மறுமுனையில் கேட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் சென்டிமீட்டரில் சொல்லிவிட்டார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பார்ட் ரயிலில் வளைகுடாவைக் கடந்து போனேன் என்பார்.

மசாஜ்காரர் பகலில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டு ஏப்ரலிலிருந்து, அங்கே வரிக் கணக்கு கொடுக்கும் மாதம் அது, நண்பரின் வருமானவரிப் படிவத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். அதற்கும் மசாஜுக்கு வாங்கும் அதே கட்டணம். "அதில் மட்டும் தள்ளுபடியே கிடையாது" என்று நண்பர் கடைசிவரை குறைபட்டார். அந்த அறையில் வேறு என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. ஊரை விட்டு வந்த பிறகு கைகுலுக்கலைத் தவிர ஒரு மனிதக் கை தன்மீது பட்டதே அங்கேதான் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

பிறகு எய்ட்ஸ். அந்த இதழில் வாராவாரம் இரங்கல் குறிப்புகள். ஒரு வாரம்கூட ஓயவில்லை. இரங்கல் ஒன்றுகூட வராத வாரம் என்று அது தலைப்புச் செய்தி போட முடிந்தது 1998 ஆகஸ்டில்தான். இரங்கல்கள் குவிந்த அந்த ஆண்டுகளில் நண்பர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்தார். இதழைத் தபாலில் வரவழைத்தார். முதலில் இரங்கல் பக்கம், பிறகு கடைசிப் பக்கம். அந்த எண் அச்சாகியிருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அழைத்துப் பேசியதில்லை. விளம்பரத்தைப் பார்ப்பார், மடித்து வைப்பார்.

ஒரு வாரம் விளம்பரம் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. இரங்கல் பக்கத்திலும் பெயர் இல்லை. பொறுக்க முடியாமல் அந்த எண்ணை அழைத்தார். பதிவுசெய்த குரல் புதிய எண் ஒன்றைச் சொன்னது. ஆள் கணக்காளர் தேர்வில் தேறி, சாக்ரமென்டோவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அந்த ஆண்டின் வரிப் படிவத்தையும் அனுப்பச் சொன்னாராம். கட்டணம் ஏறியிருந்தது.

கார்த்திகேயன், அந்த வார இதழின் பழைய பிரதிகள் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தின் ஒரு வரிக்கு வாங்கிய கட்டணத்தையும், பதில் கடிதங்கள் வந்து சேரும் பெட்டி எண்ணுக்கான தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. ஆய்வேட்டை முடித்ததும் எனக்கு அனுப்பலாம். நெறியாளருக்கு நன்றி சொல்லும் பக்கங்கள் வேண்டாம்.