214 கோடியில் முட்டி நிற்கும் ஐடி எண்

கேள்வி: எங்கள் அலுவலகத் தரவுத்தளத்தில் ஆர்டர் டேபிளின் ஐடி எண் (ஒவ்வொரு வரிசைக்கும் தரப்படும் அடையாள எண்) நிரம்பி, அரை நாள் ஒரு ஆர்டர்கூடப் பதிவாகவில்லை. ஒய்2கே-யில் (ஆண்டை இரண்டே இலக்கத்தில் சேமித்ததால் 2000-ஐ ஒட்டி வந்த சிக்கல்) அவ்வளவு பட்ட பிறகும் இதே தவறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தவிர்ப்பது எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தவறு நடக்கும் நாளுக்கும் அது வெடிக்கும் நாளுக்கும் நடுவே பல வருடம் ஓடிவிடுகிறது. ஐடியை 32 பிட் முழு எண்ணாக வைத்தால் அதில் 214 கோடியே 74 லட்சம் வரைதான் கொள்ளும். சோதனை டேபிளில் ஐயாயிரம் வரிசை இருக்கும்போது இது யார் கண்ணிலும் படாது.

இன்னும் மோசமான காரணம் ஒன்று உண்டு. பழைய நிரலை எடுத்து வேறு இடத்தில் பயன்படுத்தும்போது அதன் வரம்பை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஏரியான் 4 ராக்கெட்டின் நிரல், கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 16 பிட் எண்ணாக மாற்றியது. அந்த ராக்கெட்டில் அது 16 பிட்டின் வரம்பான 32,767-ஐத் தாண்டாது என்று, தாண்டினால் சமாளிக்கும் காப்பு வைக்காமல் விட்டார்கள். அதற்கான காரணத்தை நிரலில் குறித்துவைக்கவில்லை. அதே நிரலோடு 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய ஏரியான் 5-இன் வேகம் அதிகம். மதிப்பு வரம்பைத் தாண்டியது; ராக்கெட் சுமார் 40 நொடியில் சிதறியது. அந்த ஒரு வரிக் குறிப்பு எவ்வளவு அவசியம் பாருங்கள்!

இனி உங்கள் டேபிள். வரிசைகளை எண்ணி ஏமாறாதீர்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தோற்றுப்போன பதிவுகளும் ஐடியைத் தின்னும். அதனால் மிகப்பெரிய ஐடி எது என்று பாருங்கள். அது வரம்பில் பாதியைத் தொட்டதும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். 64 பிட்டுக்கு மாற்றும்போது அந்த ஐடியைச் சுட்டும் எல்லா டேபிள்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். நேரடியாக வகையை மாற்றினால், முடியும்வரை டேபிளில் எழுத முடியாது. பெரிய டேபிள் என்றால் மணிக்கணக்கில் ஆகும். பக்கத்தில் புது டேபிள் அமைத்து, சில ஆயிரம் வரிசைகளாக நகலெடுத்து, இடையில் வரும் மாற்றங்களை டிரிகர் (மாற்றம் வந்ததும் தானாக ஓடும் சிறு நிரல்) மூலம் அதிலும் எழுதி, கடைசியில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய திட்டங்களைத் தனியாகத் தேடுங்கள். இணையச் செயலி கட்டும் சட்டகங்களான ரெயில்ஸ் 2017-இலும் ஜாங்கோ 2021-இலும்தான் புதுத் திட்டங்களுக்கு 64 பிட் ஐடியை இயல்பாக்கின.

தேதிகளையும் விடாதீர்கள்; அங்கேயும் இதே 32 பிட் வரம்பு உண்டு. மைஎஸ்கியூஎல்-இன் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு மேல் ஏற்காது. 2018-இல் கொடுத்த 20 ஆண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணையே 2038-இல்தான் வருகிறது. கடன், காப்பீடு, ஓய்வூதியத் தேதிகளை இன்றே டேட்டைம் வகைக்கு மாற்றுங்கள்.