அமுமா பேசிய பாஸ்க் எந்த பாஸ்க்?

கேள்வி: நான் கோவைக்காரி, இப்போது சியாட்டிலில் இருக்கிறோம். கணவர் ஐடஹோவில் பிறந்தவர். அவருடைய பாட்டி 1951-ல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள இஸ்பாஸ்தெர் என்ற ஊரிலிருந்து ஐடஹோவின் பாய்ஸி நகரத்துக்கு வந்தவர். பாட்டி இப்போது இல்லை, அவர் பேசிய இரண்டு கேசட்டுகள் மட்டும் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளத்தான் கணவர் மூன்று மாதமாக வாரம் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் பாஸ்க் படிக்கிறார். ஆனால் பாடத்தில் வருவது எதுவும் பாட்டி பேசியது மாதிரி இல்லையாம், கேசட்டில் பத்துச் சொல்லுக்கு மேல் பிடிபடவில்லையாம். தவறான மொழியைப் படிக்கிறோமோ என்று சோர்ந்துவிட்டார். அடுத்த கோடையில் உறவினர்களைப் பார்க்கப் போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் பாட்டியை என்னவென்று கூப்பிட்டார்? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ‘அமுமா’ என்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். பாடத்தில் பாட்டிக்கு ‘அமோனா’ என்று வந்திருக்கும். பிரான்ஸ் பக்கத்து பாஸ்க் குடும்பமாக இருந்தால் ‘அமாச்சி’. வெளிநாட்டில் வளர்ந்த பாஸ்க் பேரப்பிள்ளைகளுக்கு வேறு ஒன்றும் நினைவில் இல்லாவிட்டாலும் இந்த ஒரு சொல் மட்டும் இருக்கும், அதை வைத்தே குடும்பம் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். அமுமா என்றால் பிஸ்காயா மாகாணம். பாய்ஸியில் குடியேறிய பாஸ்க்குகளில் பெரும்பாலோர் அந்த மாகாணத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து, லெகேய்தியோ, எயா, இஸ்பாஸ்தெர் மாதிரி ஊர்களிலிருந்து போனவர்கள்தான், ஆடு மேய்க்கப் போன ஆண்களும் அவர்களுக்குச் சோறு போட்ட விடுதிகளில் வேலை பார்த்த பெண்களுமாக.

அப்புறம் தவறான மொழியா என்ற கேள்வி. தவறான மொழி இல்லை, ஆனால் பாட்டி அந்த மொழியைத் தன் வாழ்நாளில் படித்ததே இல்லை. உங்கள் கணவர் படிப்பது ‘பட்டுவா’, அதாவது பொது பாஸ்க். பாஸ்க் மொழிக் கழகமான எவுஸ்கால்ட்சாயிந்தியா 1968-ல் அரான்ட்சாசு என்ற மடாலயத்தில் கூடி, கொல்தோ மிச்செலேனா என்ற மொழியியலாளர் தயாரித்த அறிக்கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கும் அச்சுக்கும் பொதுவான ஒரு எழுத்து வடிவத்தை உருவாக்கத் தொடங்கியது. அதன் அடித்தளம் நடுப்பகுதி வட்டார வழக்குகள், மேற்கே ஓரமாக இருக்கும் பிஸ்காயா அதிலிருந்து ரொம்பவே தள்ளி நிற்கும். பாட்டி கப்பலேறியது அதற்குப் பதினேழு வருஷம் முன்னால். அதோடு அவர் பள்ளிக்குப் போனது பெரும்பாலும் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலமாக இருக்கும், வகுப்பில் ஸ்பானிஷ் மட்டும்தான். வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்க பாஸ்க் பேசிவிட்டு, அதில் ஒரு வரி எழுதத் தெரியாமல் போன தலைமுறை அது. பழைய கடிதங்கள் கிடைத்து அவை ஸ்பானிஷில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த வித்தியாசம் எங்கெல்லாம் காதில் இடிக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி சோர்வு போய்விடும். ‘எப்படி’ என்பதற்குப் பாடத்தில் ‘நோலா’, பாட்டி வாயில் ‘செலான்’. ‘எனக்கு வேண்டும்’ பாடத்தில் ‘நை துட்’, பாட்டியிடம் ‘குரா தொட்’. ‘பேசு’ என்பதற்குப் பாடம் ‘இட்ஸ் எகின்’ என்னும், பிஸ்காயாவில் ‘பெர்பா எகின்’. ‘வா’ என்று பிள்ளையைக் கூப்பிட ‘எர்து’ என்பார், பாடப்புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அது அகப்படாது. கிழமைகள்கூட வேறு, ஞாயிறு பாடத்தில் ‘இகாந்தெயா’, அங்கே ‘தொமேகா’.

சொற்களை விட ஏமாற்றுவது ஒலிதான். பாஸ்க்கில் சொல்லின் முடிவில் ‘ஆ’ ஒட்டினால் ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி ஒரு சுட்டு வந்துவிடும். மகள் என்பது ‘அலாபா’, பொது பாஸ்க்கில் சுட்டு சேர்ந்தாலும் அலாபாதான், ஆனால் பிஸ்காயாவில் அது ‘அலாபெயா’ ஆகி, பல ஊர்களில் ‘அலாபியா’ வரை போய்விடும். ‘எச்சேயா’ (வீடு) அதே மாதிரி ‘எச்சியா’ ஆகும். கணவருக்குத் தெரிந்த சொல்லே கேசட்டில் வந்து போயிருக்கும், அவர் காது அதைப் பிடித்திருக்காது. பத்துச் சொல் என்று அவர் சொல்வது உண்மையில் நாற்பதாக இருக்கலாம்.

அதனால் வகுப்பை நிறுத்த வேண்டாம். பிஸ்காயா வழக்கை மட்டும் முதலிலிருந்து படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பாடநூலும் கிடைக்காது, ஆசிரியரும் கிடைக்க மாட்டார், ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். இலக்கணத்தைப் பொது பாஸ்க்கில் படிக்கட்டும், பக்கத்திலேயே ஒரு நோட்டில் பாட்டியின் வடிவத்தை எழுதிக்கொண்டே வரட்டும். ஆசிரியர் ‘துட்’ என்று சொல்லும்போது இவர் ‘தொட்’ என்று சொன்னால் அது பிழை இல்லை என்பதை ஆசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. இதைத் திருத்தித் திருத்தியே வீட்டு மொழியைத் தேடி வந்தவரைத் துரத்திவிட்ட வகுப்பு ஒன்று எனக்குத் தெரியும்.

இலக்கணத்தில் நீங்கள் அவருக்கு உதவலாம். ஆங்கிலக்காரர்களுக்கு பாஸ்க் வேற்றுமை உருபுகள் பெரிய மலை, நமக்கு மேடுகூட இல்லை. எச்சேயான் என்றால் வீட்டில், எச்சேரா வீட்டுக்கு, எச்சேதிக் வீட்டிலிருந்து. வினை பெரும்பாலும் கடைசியில். ‘குஸ்தாட்சென் சைத்’ என்பது அப்படியே ‘எனக்குப் பிடிக்கும்’, பிடித்த பொருள் எழுவாய், எனக்கு என்பது நான்காம் வேற்றுமை. அவர் குழம்பும்போது தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று காட்டுங்கள். (இதை வைத்து பாஸ்க்கும் தமிழும் ஒரே குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். பாஸ்க் எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி, அமைப்பு ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது.)

ஒரே ஒரு இடத்தில் தமிழ் கைகொடுக்காது. ‘அமுமா எத்தோரி தா’ என்றால் பாட்டி வந்தாள். ‘அமுமாக் ஒகியா ஜான் து’ என்றால் பாட்டி ரொட்டி தின்றாள். இரண்டாவதில் பாட்டிக்குப் பின்னால் ஒரு ‘க்’ ஏறியிருக்கிறது பாருங்கள், செயப்படுபொருள் உள்ள வினையைச் செய்பவருக்கு அது வந்தே தீரும். வீட்டில் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் விடுகிற முதல் எழுத்து இந்த ‘க்’தான், அவர்கள் கேட்டதெல்லாம் வா, சாப்பிடு, சும்மா இரு என்ற ஏவல்கள், அங்கே இது வராது. முதல் வருஷத்தில் இதற்கும் துணைவினைக்கும் நேரம் கொடுத்தால் போதும், மற்றது தானாகச் சேரும்.

இனி கேசட். அதற்கு வகுப்பு போதாது, அந்த ஊர்க் காது வேண்டும். ‘அவோட்சாக்’ என்று ஒரு இணையக் காப்பகம் இருக்கிறது, குரல்கள் என்று பொருள். பாஸ்க் நாட்டின் ஊர் ஊராகப் போய் வயதானவர்களைப் பேசவைத்துப் பதிந்து, ஊர்ப் பெயர் வாரியாக இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1920-களிலும் 30-களிலும் பிறந்தவர்கள் பலர் அதில் பேசுகிறார்கள், அதாவது பாட்டியின் வயதுக்காரர்கள். இஸ்பாஸ்தெர், லெகேய்தியோ, எயா என்று அந்தச் சுற்றுவட்டாரத்தை எடுத்து, இரண்டு இரண்டு நிமிஷத் துண்டுகளாக, புரிகிறதோ இல்லையோ, ஒரே துண்டைப் பத்து முறை கேட்கட்டும். எனக்குத் தெரிந்து பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. சொல் தேட லபாய்ரு அகராதி, பிஸ்காயா வடிவங்களுக்கு இடம் கொடுப்பது அதுதான். எல்யுயார் அகராதியும் நல்லதே, ஆனால் அதில் ஆங்கிலம் உண்டு என்பதுதான் உங்களுக்கு முக்கிய லாபம். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் பொது பாஸ்க் பழகியவை, அவற்றில் ‘எர்து’வைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். பிஸ்காயா வானொலியும் இணையத்தில் கிடைக்கிறது, சமையல் செய்யும்போது ஓடட்டும்.

கேசட்டில் பாட்டி யாரிடம் பேசுகிறார் என்றும் கவனியுங்கள். அக்கா தங்கைகளிடமோ பால்ய சிநேகிதியிடமோ என்றால் வினைகள் திடீரென்று வேறாகக் கேட்கும். ‘இகா’ என்ற நெருக்கப் பேச்சு அது, கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வினை மாறும், பேச்சு அவரைப் பற்றியதே இல்லை என்றாலும்கூட. அடையாளம் தெரிந்தால் போதும், கணவர் அதைப் பேசப் போக வேண்டாம்.

மூன்று மாதத்தில் அவர் வகுப்பில் இருந்தது இருபத்து நாலு மணி நேரம். பாஸ்க் நாட்டில் பெரியவர்களுக்கான பள்ளிகளில், எவுஸ்கால்தேகி என்பார்கள், தினமும் இரண்டு மணி நேர வகுப்பு சாதாரணம், இவருடைய மூன்று மாதம் அங்கே இரண்டரை வாரம். மனம் தளர இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வாரம் ஒரு வகுப்பு மட்டும் போதாது. பெரியவர்களின் பாஸ்க் கல்விக்கென்றே பாஸ்க் அரசு 1980-களில் அமைத்த ஆபே என்ற நிறுவனத்தின் இகாஸ்பில் தளத்தில், நிலை நிலையாகப் பிரித்த கேட்பொலிகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. கொஞ்சம் வாய் திறக்க ஆரம்பித்ததும் மின்ட்சானெட்டில் சேரலாம், வீடியோவில் பேச ஒரு பாஸ்க்காரரைச் சேர்த்துவிடுவார்கள். பிஸ்காயாக்காரர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆங்கில வழியில் ஒரு இலக்கண நூல் வேண்டுமென்றால் நெவாடா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1994-ல் வெளியிட்ட ஆலன் கிங்கின் புத்தகம், கனமானது, பொறுமை உள்ளவர்களுக்கு. மற்ற நல்ல பாடநூல்கள் பெரும்பாலும் ஸ்பானிஷில் இருக்கும்.

கோடைப் பயணத்தைப் பற்றி. விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் ‘பர்னெதேகி’ ஒன்றில் அவரைச் சேர்த்துவிடுங்கள், அங்கேயே தங்கி, சாப்பாட்டு மேசையிலும் பாஸ்க்கே பேசிக் கற்கும் இடம். பக்கத்து மாகாணமான கிபுஸ்கோவாவின் லஸ்காவோவில் இருப்பது பேர்போனது, பிஸ்காயாவிலேயே சொர்னோட்சாவில் ஒன்று உண்டு, உங்கள் நோக்கத்துக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். அதை முடித்துவிட்டு இஸ்பாஸ்தெர் போனால் உறவினர்களின் வீட்டில் பேச்சு நடக்கும். அந்த வட்டாரத்தில் பாஸ்க் இன்னும் தெரு மொழிதான். இளம் பிள்ளைகள் பள்ளியில் பட்டுவா படித்தவர்கள், வீட்டில் பாட்டியின் பேச்சு, அதனால் இவர் எதைப் பேசினாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் கணவர் ஒரு வாக்கியத்தில் தடுமாறியதுமே உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கோ ஸ்பானிஷுக்கோ தாவிவிடுவார்கள். ‘எவுஸ்காராஸ், மெசெதெஸ்’ என்று சொல்லப் பழகட்டும், பாஸ்க்கில் பேசுங்கள், தயவுசெய்து என்று அர்த்தம். வெட்கப்படாமல் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்ல வேண்டியிருக்கும்.

போவதற்கு முன்னால், முடிந்தால் இந்த வாரமே, இரண்டு கேசட்டையும் டிஜிட்டலாக்கி மூன்று இடத்தில் வையுங்கள், பழைய நாடாவை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்பது ஆபத்து. பிறகு ஐந்து ஐந்து நிமிஷமாக வெட்டி, புரியாத இடங்களுக்கு நேரம் குறித்து, கைபேசியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இஸ்பாஸ்தெரில் எண்பது தாண்டிய ஒரு அத்தையோ மாமாவோ இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் போட்டு, அமுமா இங்கே என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், அவர் பேசுவதையும் பதிந்துகொள்ளுங்கள்.