அப்பா இல்லை, அப்பாடா

ஒரு வயதுக் குழந்தையிடம் நீங்கள் ரசிக்கும் பழக்கங்கள் எவை, அந்த வயதிலேயே அதற்கென்று ஒரு குணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கு இப்போது 13 மாதம். குணம் தெரியுமா என்றால், நன்றாகவே தெரிகிறது. பழக்கங்களைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நான் அசடு வழிந்த கதை ஒன்று இருக்கிறது.

பதினோராம் மாதம் அவள் முதல் வார்த்தை சொன்னாள். "ப்பா". சும்மா இருப்பேனா? தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னேன். பத்து மாதம் சுமந்தவளை விட்டுவிட்டு முதலில் என்னைக் கூப்பிட்டுவிட்டாளே என்று மனைவியிடம் கொஞ்சம் அளந்தும் விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருநாள், "அவ எப்பெப்போ சொல்றான்னு மட்டும் கொஞ்சம் கவனிங்க" என்றாள். கவனித்தேன். சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் மெல்ல முழங்காலை மடக்கினாள், பின்பக்கம் தரையைத் தொட்டது, ஒரு பெருமூச்சு, அப்புறம் "ப்பா...டா". எழுந்தாள். நின்றாள். உட்கார்ந்தாள். "ப்பா...டா". என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் நான் "அப்பாடா" என்று சொல்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நம்பாமல் என் அம்மாவிடம் கேட்டேன். "உங்க அப்பாவும் அப்படித்தானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக, அது என் மகளின் முதல் வார்த்தையும் அல்ல, என்னைக் கூப்பிட்டதும் அல்ல. மூன்று தலைமுறை முழங்கால் வலி. அவளுக்கு இன்னும் வலிக்கிற முழங்கால்கூட இல்லை.

அதிலிருந்து இது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் ஏதாவது புதிதாகச் செய்தால், இது யாருடைய சரக்கு என்று தேடுவேன். சீப்பு, செருப்பு, ரிமோட் என்று தட்டையாக எது கிடைத்தாலும் அவளுக்கு அது போன்தான். காதில் வைக்க வராது, பிடரியில் வைத்துக்கொண்டு "ஆங்... ஆங்..." என்பாள். அதுவரை எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். ஆனால் இவள் அப்படிப் பேசும்போது இன்னொரு கையால் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். என் மனைவி போனில் பேசும்போது கை சும்மா இருக்காது, மேஜையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருத்தி மேலே துடைக்கிறாள், ஒருத்தி கீழே துடைக்கிறாள். பார்த்த ஒன்றை நினைவில் வைத்திருந்து பிறகு செய்து பார்ப்பது ஒரு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பார்கள் குழந்தை உளவியல் படித்தவர்கள். நம் வீட்டில் யார் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பயம் வந்துவிட்டது எனக்கு.

கடன் வாங்காத பழக்கங்களும் அவளிடம் உண்டு. முக்கியமானது மூடுவது. திறந்திருக்கும் எதையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. கதவு, இழுப்பறை, மடிக்கணினி, புத்தகம், ஒருமுறை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் வாய். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவும் மூடியும் வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் தேடுவது அதைத்தான். மூடியைத் தலைகீழாக வைப்பாள், நழுவும். மறுபடி வைப்பாள், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழுதடு முன்னால் வந்துவிடும், மூக்கால் புஸ்புஸ் என்று மூச்சு. நான் உதவ கை நீட்டினால் என் விரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடர்வாள். கோபமெல்லாம் இல்லை. வேலை நேரத்தில் குறுக்கே வந்த ஆளை நகர்த்துவது போல. எப்போதாவது "டக்" என்று பொருந்திவிடும். அப்போது சிரிப்பாள் என்று எதிர்பார்ப்பீர்கள், நானும் எதிர்பார்த்தேன். மூடியைத் திறந்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள், அவ்வளவுதான்.

சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பது அவளுக்கும் உண்டு. எடுத்துக் கொடுத்தால் இம்முறை வேறு பக்கம் போடுவாள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே தன் மூன்று குழந்தைகளையே உட்கார்ந்து பார்த்து இதையெல்லாம் எழுதி வைத்தார், எப்படிப் போட்டால் எப்படி விழுகிறது என்று சோதிக்கிறார்கள் என்று. சோதிக்கட்டும். குனிந்து எடுப்பது நான் என்பதால் இதை மட்டும் நான் அவ்வளவாக ரசிப்பதில்லை.

அவளிடம் உண்மையிலேயே ஒரு வார்த்தை இருக்கிறது: "ந்தா". எதையாவது கொடுக்கும்போது "ந்தா". கேட்கும்போதும் "ந்தா". ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஈயைக் காட்டவும் "ந்தா". ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு அடிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? கொடுக்கும்போது "இந்தா". ஒருவரைக் கூப்பிட "இந்தா, இங்க வா". ஒன்றைக் காட்ட "இந்தா இருக்கு பார்". கேட்பதற்கு அதைப் பயன்படுத்துவது மட்டும்தான் அவளுடைய சொந்தச் சேர்க்கை.

இந்தச் சுட்டிக்காட்டலில்தான் நான் விழுந்து கிடக்கிறேன். சுட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, எனக்கு அது வேண்டும். இன்னொன்று, நீயும் அதைப் பார். இரண்டாவது வகையில் அவளுக்கு எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரலை நீட்டுவாள், ஈயைப் பார்ப்பாள், திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி ஈ. நான் "ஆமா, ஈ" என்று சொல்லும் வரை விரல் இறங்காது. சொன்னதும் இறங்கிவிடும். காரியம் முடிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை "ஆமா" சொல்கிறேன் என்று எண்ணவில்லை. ஆமா, விளக்கு. ஆமா, விசிறி. ஆமா, மறுபடி விசிறி. வேறு யாரும் என் ஒப்புதலை இவ்வளவு மதித்துக் கேட்டதில்லை.

விரல் நுனியால் கிள்ளி எடுப்பதும் இப்போது கைவந்துவிட்டது. தரையில் கிடக்கும் ஒற்றை முடியை எடுத்துக்கொண்டு வந்து, பெரிய பொக்கிஷம் போல என் உள்ளங்கையில் வைப்பாள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் முடியை எடுக்கும் விரல் நாணயத்தையும் பொத்தான் பேட்டரியையும் எடுக்கும், எல்லாம் என் கைக்கு வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால் தினமும் நான் ஒருமுறை தரையில் படுத்து அவள் உயரத்தில் இருந்து வீட்டைப் பார்க்கிறேன்.

நடை? "இன்னும் நடக்கலையா?" என்று கேட்காத உறவினர் இல்லை. தனியாக நடக்கத் தொடங்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கால அளவு 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதம் வரை. அவ்வளவு அகலமான வாசலில் யார் எப்போது நுழைந்தால் என்ன? ஆனால் இவள் விஷயம் வேறு. இவளுக்கு நடக்கத் தெரியும், அது அவளுக்குத் தெரியாது. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் மூடி இருந்தால் நாலு அடி நடந்துவிடுகிறாள். நடுவில் எதையும் பிடிக்காமல் நிற்கிறோம் என்று உறைத்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக மடங்கி உட்கார்ந்து, "ப்பாடா" சொல்லிவிட்டுத் தவழத் தொடங்கிவிடுவாள். கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரின் குழு 2012இல் ஒரு கணக்கு சொன்னது. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தங்கள் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். என் மகள் அந்த 17 பக்கம் போகவே விரும்பாத ஆள்.

இதுதான் அவள் குணம் என்று நினைக்கிறேன். அவசரப்பட மாட்டாள். 1956இல் தொடங்கி பல வருடம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த தாமஸ், செஸ் என்ற தம்பதி, எளிதில் ஒத்துப்போகும் குழந்தை, சிரமமான குழந்தை, பழக நேரம் எடுக்கும் குழந்தை என்று மூன்று வகை சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்கள் எந்த வகையிலும் அடங்கவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இவள் மூன்றாவது வகையில் அச்சாக அடங்குகிறாள். "ஏன் சிரிக்கவே மாட்டேங்குது?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சிரிப்பாள், ஆனால் ஆளைப் பார்த்துவிட்டு.

போன மாதம் என் நண்பன் வந்திருந்தான். நாற்பது நிமிடம் என் மடியில் உட்கார்ந்து அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவன் முகத்தைக் கோணிக் காட்டினான், கை தட்டினான், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் கிளம்பி, வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது இவள் தவழ்ந்து போய் "ந்தா" என்று டப்பா மூடியை நீட்டினாள். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த மூடியை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அவனுக்கு அதன் அருமை தெரியவில்லை. "தேங்க்ஸ்டா கண்ணு" என்று வாங்கி, பேச்சு சுவாரஸ்யத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் வீட்டில் டப்பா திறந்தே கிடந்தது. அவள் அதன் மேல் சீப்பை வைத்துப் பார்த்தாள், என் கையை எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூடியோடு வந்து, நம்ம ஃப்ரெண்ட் ஆச்சே என்று இரண்டு கையையும் விரித்தான். மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மறுபடி முதலில் இருந்து நாற்பது நிமிடம்.