காம்பவுண்ட் சுவருக்குள்ள ஒரு கம்பம்

கேள்வி: அண்ணே, மகன் ஸ்கூல்ல காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட் படிக்கிறான். எங்கம்மா போன்ல ஊர்ல காம்பவுண்ட் சுவர் கட்டுன கதைய சொல்லிக்கிட்டிருந்தாங்க. ரெண்டும் ஒரே வார்த்தையான்னு கேக்குறான், எனக்கு முழி பிதுங்குது. (சிங்கப்பூர் அங் மோ கியோ வாசகி)

பதில்: பையன் கெட்டிக்காரன்மா. ரெண்டுக்கும் சொந்தபந்தமே கெடையாது, ஸ்பெல்லிங் மட்டுந்தான் ஒண்ணு.

வட்டி காம்பவுண்ட் லத்தீன்காரன். காம்போனேரேன்னா ஒண்ணா சேத்து வைக்கிறது. அசலும் வட்டியும் சேந்து குட்டி போடுதுல்ல, அதான். உங்க வீட்டு பெருங்காய டப்பாவ பாருங்க, கூட்டுப் பெருங்காயம்னு தமிழ்லயும் காம்பவுண்டட்னு இங்கிலீஷ்லயும் போட்டிருப்பான். அந்த காலத்து டாக்டர்கிட்ட மருந்து கலக்கி குடுத்த கம்பவுண்டரும் இந்த வகையறாதான்.

சுவர் காம்பவுண்ட் நம்ம பக்கத்து ஆளு, மலாய் கம்போங்! கம்போங்னா கிராமம், குடியிருப்பு. இங்கிலீஷ்காரன் 1602லயே ஜாவாவுல பாந்தம் துறைமுகத்துல கடை போட்டுட்டான், அதுக்கு முன்னாடியே போர்ச்சுகீஸ்காரன் 1511ல மலாக்காவ புடிச்சிட்டான், இப்படி இந்த பக்கம் யாவாரம் பண்ணவங்க வாயில ஒட்டிக்கிட்ட கம்போங், அப்படியே இந்தியாவுக்கு போயி, பங்களாவ சுத்தி அடைச்ச எடத்துக்கு பேராயிடுச்சு. இங்கிலீஷ்ல ஏற்கெனவே காம்பவுண்டுன்னு ஒண்ணு இருந்துச்சா, வாய்க்கு பழகுன அந்த ரூபத்துலயே இதையும் எழுதிட்டாங்க. யூலும் பர்னலும் 1886ல போட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியில, இது போர்ச்சுகீஸ் சொல்லா இருக்குமோன்னும் அலசிட்டு, கடைசியில மலாய் பக்கம்தான் சாஞ்சிருக்காங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது என்னன்னா, நம்மாளுங்க கம்போங்க நேராவே வாங்கி கம்பம்னு ஆக்கிட்டாங்க. கம்பத்து வீட்ட காலி பண்ணிட்டு அடுக்குமாடி புளோக்குக்கு வந்த கதைய எந்த தாத்தாவ கேட்டாலும் சொல்வாரு. அவரே பேரன்கிட்ட "ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள நில்லு, வர்றேன்"ம்பாரு. ஒரே வார்த்தைய ரெண்டு தடவ சொல்றோம்னு அவருக்கு தெரியாது! நம்ம கம்போங் கிளாம் வட்டாரத்து பேருல இருக்கறதும் அதே கம்போங்தான், கிளாம்ங்கறது மரத்தோட பேரு.

பையன் அடுத்து ஒண்ணு கேப்பான், இப்பவே சொல்லிடுறேன். ஜோகூர்ல வண்டிய தப்பா நிறுத்துனா காம்பவுண்ட் வரும்ல, கோர்ட்டுக்கு போகாம காச கட்டி முடிச்சுக்கறது, அது கம்பம் இல்ல, பெருங்காயம் கட்சி.