குறைமரபணு உள்ள அரபுப் பெண்குதிரையைச் சினைக்கு விடலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் தூய அரபுப் பெண்குதிரை பல பந்தயங்களில் வென்று ஓய்வு பெற்றது. இப்போது அது சிறுமூளைத் தேய்வு நோய்க்கான மரபணு ஒன்றைச் சுமக்கிறது என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு ஆகாது என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படியில்லை. அதைச் சினைக்கு விடலாம். எந்த ஆண்குதிரையோடு என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

இது ஒடுங்கு மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். ஒன்றை மட்டும் சுமக்கும் குதிரைக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் குதிரை ஓடி வென்றதே சாட்சி. இந்த மரபணு இல்லாத ஆண்குதிரையோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் குட்டியும் சுமக்கும், அவ்வளவுதான். இரண்டும் சுமப்பவை என்றால் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அது ஒவ்வொரு ஈற்றுக்கும் புதிதாகத் தொடங்கும் கணக்கு. மூன்று குட்டிகள் நன்றாகப் பிறந்ததால் நான்காவது மோசமாக இருக்கும் என்றும் இல்லை, தப்பிவிடும் என்றும் இல்லை.

நோயுள்ள குட்டியை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் கணக்கோடு விளையாட மாட்டார்கள். பிறக்கும்போது வித்தியாசமே தெரியாது. பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் தலை நடுங்கத் தொடங்கும். கால்களை அகட்டி வைத்து நிற்கும். முன்னங்கால்களைத் தேவைக்கு மேல் தூக்கித் தூக்கி வைக்கும். திடீரென்று சத்தம் கேட்டால் பின்பக்கமாகச் சாய்ந்து விழும். மருந்து கிடையாது. ஏறி ஓட்டவும் முடியாது.

ஆண்குதிரையின் சொந்தக்காரர் ஒன்று சொல்வார்: "இதுவரை நூறு குட்டி பிறந்திருக்கின்றன, ஒன்றுக்கும் நோயில்லை." அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய குதிரை மரபணுவைச் சுமந்தாலும், சுமக்காத பெண்குதிரைகளோடு மட்டுமே சேர்ந்திருந்தால் நூறு குட்டிகளும் நலமாகத்தான் இருக்கும். ஆய்வகச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எவ்வளவு பெரிய பந்தயப் பெயர் என்றாலும் விட்டுவிடுங்கள். அதே சான்றிதழில், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் நோய்க்கும், வெளிறிய நிறத்தோடு பிறந்து எழுந்து நிற்கவே முடியாத குட்டிகளின் நோய்க்கும் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நோயில், சீம்பால் தந்த பாதுகாப்பு தீர்ந்ததும் குட்டி நுரையீரல் தொற்றில் விழும். ஐந்தாறு மாதம் தாண்டுவது அரிது. இவற்றுக்கு உங்கள் குதிரையையும் சோதித்துவிடுங்கள்.

சுமக்கும் குதிரைகளையெல்லாம் ஒதுக்கினால் நல்ல ஓட்ட வம்சங்களும் சேர்ந்து போய்விடும். இனத்தின் மரபணு வளமும் குறுகும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலத்தையும் கவனியுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் பிறந்த பந்தயக் குதிரைகளுக்கு ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். சினைக்காலம் சுமார் 340 நாள். ஜனவரியில் சேர்த்துவிட்டால் டிசம்பரில் பிறக்கும் குட்டிக்கு, சில நாட்களிலேயே காகிதத்தில் ஒரு வயது ஆகிவிடும். தன்னைவிடப் பல மாதம் மூத்தவற்றோடு ஓட வேண்டியிருக்கும். பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு சேர்த்துவிடுங்கள்.

குட்டி பிறந்ததும் அதையும் சோதியுங்கள். வால்முடியில் இருபது, முப்பதை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரியால் வெட்டாதீர்கள், ஆய்வகத்துக்கு வேண்டியது அந்த வேர்தான்.