பசுமை வளாகத் திட்டம்: லீவில் யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பசுமை வளாகக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் மாணவர் உறுப்பினர். மரம் நடுவது, சோலார் போடுவது தவிர, உண்மையிலேயே பலன் தரும் வேலை எது?

பதில்:

இந்நேரம் லோகோ போட்டு, டீ-ஷர்ட்டும் அடித்திருப்பீர்கள். முதல் கூட்டத்தில் யாராவது எழுந்து 'ஆளுக்கொரு மரம்' என்று சொல்லியிருப்பார், எல்லோரும் கை தட்டியிருப்பீர்கள். கிண்டல் இல்லை. இப்படிப்பட்ட குழுக்களுக்கு நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்துக் கொடுத்தே பாதி சர்வீஸ் போனவன் நான்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீடு, தெரு, கடை எல்லாம் தமிழ். வேலை, எல்லையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில். மோட்டார், குழாய், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் எங்கள் தலையில்தான். வளாகம் எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கியவர்கள் இந்தத் தளத்தில் நிறைய இருக்கிறீர்கள். ஐடிஐ படித்தவன் சொல்லி நாம் கேட்பதா என்று தோன்றினால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை.

எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: லீவில் இதை யார் பார்ப்பார்கள்? பல்கலைக்கழகம் என்பது வருடத்தில் சில மாதம் காலியாகக் கிடக்கும் ஊர். உயிருள்ள எதற்கும் அந்தக் கணக்கு தெரியாது.

எங்கள் விடுதி மெஸ்ஸில் மிச்சச் சோற்றிலிருந்து எரிவாயு எடுக்க ஒரு கலன் வைத்தார்கள். கீழே கரைசல், மேலே கவிழ்த்த பெரிய டிரம். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். திறப்பு விழாவுக்கு வந்தவர் அந்த அடுப்பிலேயே டீ போடச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் ஓடியது. ஒரு கன மீட்டர் வாயு என்றால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எல்பிஜிக்குச் சமம். பெரிய மெஸ்ஸின் சிலிண்டர் செலவில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நாறுகிற சோற்றை வண்டியில் ஏற்றி எங்கே கொட்டுவது என்று தேடும் வேலை மிச்சம், அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் செமஸ்டர் லீவு வந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், மெஸ்ஸைப் பூட்டினார்கள். மெஸ் ஆட்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலி, அடுப்பு எரியாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் கலனை எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. லீவு முடிந்த வாரம் எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, கூட்டித்தான் சமைப்பார்கள். மிஞ்சியது அண்டா அண்டாவாக அந்தக் கலனுக்குள் போயிற்று. டிரம் எழும்பவேயில்லை. சோறு போடும் குழாய் வாயில் வெள்ளையாக நுரை, பழங்கஞ்சி புளித்துப்போன வாடை. வேதியியல் துறையில் பிஹெச் தாள் வாங்கி வந்து நனைத்துப் பார்த்தோம், நல்ல அமிலம்.

மாவுப் பொருள் மொத்தமாக உள்ளே போனால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சட்டென்று பெருகிவிடும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும் கூட்டம் மெதுவாக வளர்கிற ஜாதி. அதுவும் லீவு முழுக்கப் பட்டினி. இது ஒரு பேராசிரியர் எனக்குச் சொன்ன விளக்கம். அவருக்கு முன்பே மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்கா சொல்லிவிட்டார். வடகரப்பதிப் பக்கம், வீட்டில் கறவை மாடு வைத்திருக்கிறார். "ஏனுங் தம்பி, லீவு பூரா வவுத்துக்கு ஒண்ணும் போடாம கெடந்துட்டு, வந்தன்னிக்கே பந்திச் சோறு கொட்டுனா மாடே படுத்துக்கும். இது மட்டும் எப்பிடிங் தாங்கும்?"

சோறு போடுவதை நிறுத்தினோம். அக்கா வீட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் விட்டோம். டிரம் மெல்ல எழும்பியது. அதிலிருந்து மெஸ் பின்வாசலில் இரண்டு வாளி. எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல் எல்லாம் ஒன்றில், சோறு காய்கறி மற்றொன்றில். லீவில் தினம் கொஞ்சம் சாணக் கரைசல். மெஸ் திறந்ததும் சோற்றைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் பார்ப்பது அந்த அக்காதான்.

கலனைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. அக்காவுக்கு லீவு நாள் கூலி வாங்கித் தருவதற்குள்தான் தாவு தீர்ந்தது. கோப்பு நிதிப் பிரிவுக்குப் போய், 'மெஸ் மூடியிருக்கையில் மெஸ் தொழிலாளிக்கு ஏன் கூலி?' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கடைசியில் வார்டன் 'தோட்டப் பராமரிப்பு' என்று எழுதி வாங்கிக் கொடுத்தார். கலன் வாங்கிய பணத்தில் அவருக்கு எத்தனையோ வருடக் கூலி கொடுத்திருக்கலாம். வருடாந்தர அறிக்கையில் கலனின் படம் இருக்கிறது, அக்கா இல்லை.

கழிவுநீர் நிலையமும் இதே கதைதான். லீவில் கரண்ட் மிச்சம் என்று காற்றூதியை நிறுத்தச் சொல்வார்கள். காற்று இல்லாவிட்டால் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம் செத்துக் கறுத்துப்போகும். பிள்ளைகள் திரும்பும்போது விடுதிப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மரத்துக்கு வருகிறேன். உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5, கேரளத்தில் மழை தொடங்கும் நேரம், அதனால் எல்லோரும் அன்று நடுகிறார்கள். எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பிரதேசம் ஐயா. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயில் எங்களுக்குக் கிடைப்பது மழையைவிடக் காற்றுதான். சின்னக் கன்றை வேரோடு ஆட்டிவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி மழையை நம்பி நட்டால்தான் பிழைக்கும். ஐப்பசியில் எந்தத் தினமும் கிடையாது, அதனால் விழாவும் கிடையாது. தப்பித்தவறி வேர் பிடித்த கன்றும் சித்திரை வெயிலில் தண்ணீருக்கு ஏங்கும்போது, நட்டவர்கள் லீவுக்குச் சொந்த ஊர் போயிருப்பார்கள்.

உடனே 'இவர் சோலாருக்கு எதிரி' என்று கமெண்டில் கிளம்பாதீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் போலத் தருகிறது, வேண்டாம் என்பேனா? ஆனால் எங்கள் பக்கம் மயில் ஜாஸ்தி. காலையில் மொட்டை மாடிக்குப் போனால் பலகை மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அது செய்துவைத்திருக்கும் வேலையை நாம்தான் கழுவ வேண்டும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகப் படிந்துவிடும். நல்ல தண்ணீர் மேலே ஏற்ற வேண்டும், அதற்கு ஆளும் வேண்டும். அதிக வெயில் அடிப்பதும் லீவு மாதங்களில்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசு லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? அந்த மாதம் பொள்ளாச்சிச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் எனக்கு போன் போட்டு, "உங்காளுக பண்றத பாத்தீங்களா?" என்றார்கள். நான் எப்போது 'உங்காளு' ஆனேன்? கோடை வந்து, பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை என்ற எங்கள் ஆற்றுக்கு வர வேண்டிய வருட 7.25 டிஎம்சி தண்ணீரில் தகராறு வந்தால், பாலக்காட்டு டீக்கடையில் "உங்கள் தமிழ்நாடு தண்ணி தரலையே" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். குப்பைக்கு நான் மலையாளி, தண்ணீருக்கு நான் பாண்டி, அதாவது தமிழன். மெஸ் தொட்டிகளில் 'மக்கும், மக்காத' என்பதை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒட்டினார்கள். அதில் குப்பை பிரிக்கும் அத்தனை பேரும் தமிழ் மட்டும் படிப்பவர்கள். கேட்டால், டிசைன் முடிந்துவிட்டதாம். சரி, விடுங்கள்.

உங்கள் பேராசிரியர்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவார்கள். கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் பசுமைத் தணிக்கை வரும். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் ஒன்று 2010 முதல் நடத்தும் கிரீன்மெட்ரிக் தரவரிசையும் வரும். அதில் பல வருடமாக இருந்த கணக்கு, போக்குவரத்துக்கு 18 சதவீதம், தண்ணீருக்கு 10. எங்கள் ஊர்க்காரன் எவனும் அப்படிக் கணக்குப் போட மாட்டான். அதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள். மதிப்பெண் வருமென்றால்தான் கோப்பு நகரும், அதையும் பார்த்துவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அலுவலகத்தில் கல்வி நாட்காட்டியையும் மெஸ் ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். பராமரிப்புப் பிரிவில் கடைசி பன்னிரண்டு மாத மின் பில்லையும் வாங்குங்கள். அதில் யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள். உச்சத் தேவை என்று கேவிஏ கணக்கில் தனிக் கட்டணம் இருக்கும், எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட்டால் அது ஏறும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மாதம் எந்த வேலைக்கு ஆளில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த நகலைக் கேட்டதும், 'அது மாணவர்களுக்கு எதுக்கு?' என்பார்கள். குழுத் தலைவர் கையெழுத்தோடு போனால் தருவார்கள். கிடைத்ததும் இங்கேயே பதிலில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.